மரவள்ளி மதுவும் எச்சிலின் வரலாறும்

மரவள்ளிக் கிழங்கை அவிக்கும்போது சட்டியை மூடக்கூடாது. மரவள்ளி உண்ட வயிற்றுக்கு இஞ்சி ஆகாது. இவ்விரண்டும் நம் வீடுகளில் தாய்மார் வாய்மொழியாக வழங்கிவரும் எச்சரிக்கைகள். சிங்கள மக்களின் வீடுகளிலும் இவை அவ்வாறே வழங்குகின்றன. நெல்லுக்கும் தினைக்கும் சங்கச் செய்யுளிற் சான்று தேடும் நாம், ஏழையின் வயிற்றை நிரப்பிய இக்கிழங்குக்கும் ஒரு வரலாறு உண்டென்று எண்ணியதில்லை.

மரவள்ளி நம் நாட்டுப் பயிரன்று. ஒல்லாந்தத் தேசாதிபதி வன் டி கிராவ் காலத்தில், 1786ஆம் ஆண்டளவில், மொறீசியசுத் தீவிலிருந்து அது இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது என்பர். வந்த நாள் தொட்டு அது பஞ்சகாலத்தின் துணையாகவே இங்கு அறியப்பட்டுள்ளது. 1973, 1974ஆம் ஆண்டுகளில் அரிசியும் கோதுமை மாவும் அரிதாகிய போதும், வடக்கிற் பொருளாதாரத் தடை நிலவிய 1990களிலும், 2022ஆம் ஆண்டின் நெருக்கடியிலும் அவித்த மரவள்ளியும் ஒரு பிடி சம்பலுமே பல குடும்பங்களின் ஒருவேளை உணவாயின. ஒடியற் கூழிலும் அதற்கோர் இடமுண்டு. ஆயினும் அக்கிழங்கின் தாயகத்துக்குச் சென்று நோக்குமிடத்து, அங்கே அது பஞ்சத்தின் அடையாளமாக இல்லை. விழாவின் அடையாளமாக இருக்கிறது. அங்குள்ள மக்கள் அதனை அப்பமாகச் சுட்டனர், மாவாக வறுத்தனர்; அனைத்துக்கும் மேலாக அதனை மதுவாக்கினர். அந்த மதுவின் கதையே இக்கட்டுரையின் பொருள்.

மரவள்ளியின் தாயகம் அமேசன் வடிநிலத்தின் தென்மேற்கு விளிம்பு. இன்றைய பிறேசில் நாட்டின் மேற்குப் பகுதி. அங்கு வளரும் காட்டினம் ஒன்றிலிருந்தே இப்பயிர் தோன்றியது என்பதனை 1999ஆம் ஆண்டிற் பரம்பரையலகு ஆய்வுகள் நிறுவின. பயிராக்கம் பல்லாயிரம் ஆண்டுகட்கு முற்பட்டது. மத்திய அமெரிக்காவில் எல் சல்வடோர் நாட்டிலுள்ள ஹோயா டி செரென் என்னுமிடத்தில், ஏறக்குறைய 1400 ஆண்டுகட்கு முன்னர் எரிமலைச் சாம்பலாற் புதையுண்ட மரவள்ளித் தோட்டமொன்றை வரம்பும் பாத்தியும் மாறாத நிலையில் 2007ஆம் ஆண்டில் அகழ்ந்தெடுத்தனர். எந்த மன்னனும் அத்தோட்டத்தைப் பற்றிக் கல்வெட்டுப் பொறித்ததில்லை. உழவரின் வேலைக்கு எரிமலையே சாட்சியாயிற்று.

மரவள்ளி நஞ்சுடைய கிழங்கு. அதன் கலங்கள் சிதையும்போது ஐதரசன் சயனைட்டு வெளிப்படுகிறது. நாம் பெரும்பாலும் உண்பது நஞ்சு குறைந்த இனிப்பு வகை. அதற்கே சட்டியைத் திறந்து வைக்கிறோம். அமேசன் மக்களோ நஞ்சு மிகுந்த கசப்பு வகையையே விரும்பிப் பயிரிட்டனர். பூச்சியும் விலங்கும் அதனை எளிதில் அணுகா. கிழங்கைத் துருவி, பிரம்பு போன்ற நாரினாற் பின்னிய நீண்ட குழாயில் அடைத்து, அதனைத் தொங்கவிட்டு இழுத்துச் சாற்றைப் பிழிந்தெடுத்தனர். திப்பித்தி எனப்படும் இக்கருவி இன்றும் வழக்கிலுண்டு. பிழிந்த சாறுங்கூட வீணாகவில்லை. நெடுநேரம் காய்ச்ச அது குழம்பாயிற்று. உயிரைக் கொல்லும் ஒரு கிழங்கை முழுவதும் உணவாக்கிய இவ்வறிவைப் பள்ளிக்கூடத்தில் நாம் விஞ்ஞானம் என்று கற்பிப்பதில்லை. அதனைக் கண்டறிந்தோர் பெண்கள் என்பதும், அவர்கள் எழுத்தறியாதவர்கள் என்பதும் அதற்குக் காரணங்களாதல் கூடும்.

இனி மதுவுக்கு வருவோம். பதினாறாம் நூற்றாண்டிற் பிறேசிற் கரையோரத்தில் வாழ்ந்த துப்பினம்பா மக்கள் தம் மதுவைக் கவுயிம் என்றனர். கிழங்கை மெல்லிய துண்டுகளாக அரிந்து பெரும் மட்பானைகளில் இளகும்வரை அவிப்பர். ஆறியபின் பெண்கள் பானையைச் சூழ அமர்ந்து, துண்டுகளை வாயிலிட்டு நன்றாக மென்று, விழுங்காமற் பிறிதொரு பானையில் உமிழ்வர். அக்கூழை மறுபடி அடுப்பேற்றி மரத்துடுப்பாற் கிளறிக் காய்ச்சுவர். பின்னர் பெருஞ் சாடிகளில் ஊற்றி மூடிவைப்பர். அது நுரைத்துப் பொங்கிப் புளித்ததும் மது ஆயத்தமாகும். சோளத்திலிருந்தும் அவர்கள் இவ்வாறே மது செய்தனர்.

மென்று உமிழ்வதேன்? மாப்பொருளை மதுவங்கள் நேரே உண்ணமாட்டா. முதலில் அது வெல்லமாக வேண்டும். திராட்சையிலும் பனங்கள்ளிலும் வெல்லம் இயற்கையாகவே உண்டு. அவை தாமே நொதிக்கும். கிழங்கிலும் தானியத்திலும் அவ்வாறில்லை. ஐரோப்பியர் வாற்கோதுமையை முளைக்கவிட்டு அம்முளையின் நொதியத்தால் மாப்பொருளை வெல்லமாக்கினர். யப்பானியர் பூஞ்சணத்தைத் துணைகொண்டனர். அமேசன் பெண்கள் தம் உமிழ்நீரைப் பயன்படுத்தினர். உமிழ்நீர் மாப்பொருளைச் சிதைக்கும் என்பதை ஜேர்மானிய இரசாயனவியலாளர் லொயிக்ஸ் எடுத்துக்காட்டியது 1831ஆம் ஆண்டில். முளைதானியத்தின் நொதியத்தைப் பிரான்சிற் பிரித்தெடுத்தது 1833இல். ஆய்வுகூடம் பெயர் வைக்கும் முன்னரே அப்பெண்கள் அவ்வேலையைச் செய்து முடித்திருந்தனர்.

இப்பொருளை ஒருமுறை மேல்வகுப்பு மாணவர்க்கு எடுத்துச் சொன்னபோது முகஞ்சுழிக்காதோர் வகுப்பில் ஒருவருமிலர். மறைப்பானேன், முதன்முதலிற் படித்தபோது நாமும் முகஞ்சுழித்தோம். அந்த முகச்சுழிப்பைச் சற்று ஆராய்தல் வேண்டும்.

கவுயிமைப் பற்றி விரிவாக எழுதிய ஐரோப்பியருள் ஜான் டி லெரி ஒருவர். அவர் பிரபுவுமல்லர், தளபதியுமல்லர். தொழிலாற் சப்பாத்துத் தைப்பவர். கல்வினிய மதத்தைச் சார்ந்த அவர், இன்றைய றியோ டி ஜெனீரோவின் குடாவில் பிரெஞ்சுக்காரர் நிறுவியிருந்த சிறு குடியேற்றத்துக்கு 1557ஆம் ஆண்டிற் சென்றார். மதச்சண்டையால் அக்குடியேற்றத்தின் தலைவர் வில்கனியோன் அவரையும் தோழர்களையும் தீவிலிருந்து வெளியேற்ற, ஏறக்குறைய இரு மாதங்கள் கரையில் துப்பினம்பா மக்களின் அயலிலே வாழ்ந்தார். அவர்களது உணவே அவரைக் காத்தது. 1578ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட பயண நூல் இன்றும் வரலாற்றாசிரியர்க்கு மூலநூலாக விளங்குகிறது.

அந்நூலில் ஒரு சுவையான செய்தி உண்டு. மென்று உமிழ்ந்த மதுவைக் குடிக்க மனமில்லாத பிரெஞ்சுக்காரர், தாமே 'தூய' கவுயிம் செய்ய முயன்றனர். கிழங்கையும் தானியத்தையும் இடித்துக் காய்ச்சிப் பார்த்தனர். அது சரிவரவில்லை. ஐரோப்பிய அறிவு அந்தப் பானையின் முன் தோற்றது. பின்னர் படிப்படியாகப் பெண்கள் செய்த மதுவையே குடிக்கப் பழகிக்கொண்டனர். தம் நாட்டு வாசகர் அருவருப்பர் என்பதை லெரி அறிவார். ஆகவே அவர்களை நோக்கி அவர் ஒரு கேள்வியைத் தொடுக்கிறார்: நம் ஊரிற் குடியானவர் திராட்சையைக் காலால் மிதித்து, சிலவேளை சப்பாத்துக் காலாலும் மிதித்து எடுக்கும் மதுவை நாம் விருப்புடன் குடிக்கவில்லையா? பிறர் வாய் அசுத்தமெனின் பிறர் கால் எவ்வாறு சுத்தமாயிற்று? மென்ற கூழ் மறுபடி கொதிக்கவைக்கப்படுகிறது என்பதையும் அருவருப்போர் கவனிப்பதில்லை. பிறர் காலணியைக் கையிலெடுத்துத் தைத்து வாழ்ந்த ஒருவருக்கே இக்கேள்வி தோன்றியது என்பது மனங்கொள்ளத்தக்கது.

தமிழில் எச்சில் என்னும் சொல் உமிழ்நீரை மட்டுங் குறிப்பதன்று. மிச்சம், தீட்டு, இழிவு யாவும் அதனுள் அடங்கும். யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளில் ஒடுக்கப்பட்ட சாதியினர் குவளையில் வாய்வைத்தல் ஆகாதென்று அவர்கட்குப் போத்தலிலும் பேணியிலும் சிரட்டையிலும் தேநீர் ஊற்றியது நெடுங்கால வரலாறன்று. 1966ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆந் திகதி சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலமும் அதனைத் தொடர்ந்த தேநீர்க் கடைப் பிரவேசப் போராட்டங்களும் எதற்காக நிகழ்ந்தன? ஒரு மனிதனின் எச்சில் இன்னொரு மனிதனின் எச்சிலினும் இழிந்ததன்று என்பதை நிலைநாட்டுவதற்காகவே. தாய் மென்று ஊட்டிய சோற்றைப் பிள்ளை அருவருப்பதில்லை. அருவருப்பு நாவில் தோன்றுவதன்று. யாருடைய எச்சில் என்ற அறிவிலே தோன்றுவது. அவ்வறிவைச் சமுதாயமே நமக்குப் புகட்டுகிறது. துப்பினம்பா மக்களிடை ஊரார் அனைவரும் ஊர்ப் பெண்களின் வாயிற் பட்டதைக் குடித்தனர். அங்கே எச்சில் பிரிக்கவில்லை, சேர்த்தது.

இம்மதுவின் பயன்பாட்டை நோக்குவோம். ஜேர்மானியரான ஹான்ஸ் ஸ்டாடன், போத்துக்கேயரின் கோட்டையொன்றிற் பீரங்கி வீரராயிருந்து, 1550களில் துப்பினம்பாவிடம் சிறைப்பட்டு ஏறக்குறைய ஒன்பது மாதங்கள் அவர்களிடையே இருந்தவர். 1557ஆம் ஆண்டில் மார்பேக்கில் வெளிவந்த அவர் நூல் மது குடிக்கும் முறையை விவரிக்கிறது. ஒவ்வொரு குடிமனையும் தன் சாடிகளை ஆயத்தஞ் செய்யும். ஊரார் அனைவரும் முதலாம் மனைக்குச் சென்று அங்குள்ளதனைத்தையுங் குடித்துத் தீர்த்து, அடுத்த மனைக்குச் செல்வர். அது முடிய அடுத்தது. ஊரில் ஒரு துளியும் எஞ்சாது. காட்டை வெட்டித் தோட்டம் போடவும், வீடு கட்டவும் அயலாரை அழைத்தவன் வேலைக்குக் கூலி கொடுப்பதில்லை, மது கொடுப்பான். இத்தகைய கூட்டு வேலையைக் குறிக்கும் முத்திராவ் என்னும் துப்பி மொழிச் சொல் இன்றும் பிறேசிலின் போத்துக்கேய மொழியில் வழங்குகிறது. நம் நாட்டுச் சிங்களக் கிராமங்களில் அத்தம் எனப்படும் கைமாற்று வேலைமுறைக்கு இஃது இனமானது.

இவ்வாறு கூறுவதால் அச்சமுதாயத்தை ஒரு சுவர்க்கமெனக் காட்டிவிடலாகாது. பிடிபட்ட பகைவனைக் கொன்று உண்ணும் சடங்கிலும் கவுயிம் சாடிகள் நிறைந்திருந்தன. பழிவாங்கும் போரும் மதுவும் பிணைந்தேயிருந்தன. மெல்லுவதும் காய்ச்சுவதும் பெண்களின் உழைப்பு. ஆண் அவ்வேலையைச் செய்தல் தகாதென அவர்கள் கருதினர் என்று லெரி எழுதுகிறார். பல மனைவியரையுடைய தலைவனே மிகுதியான மதுவை வழங்க வல்லவன். மிகுதியாக வழங்குபவனே மதிப்பிற்குரியவன். ஏற்றத்தாழ்வின் வித்து அங்கும் இருந்தது. ஆயின் அது முளைத்து மரமாவதைத் தடுக்கும் ஒரு தன்மை அந்த மதுவிலேயே அமைந்திருந்தது. அது கெட்டுப்போகும்.

இது சிறு செய்திபோலத் தோன்றலாம். நமது கருத்தில் இக்கதையின் அச்சாணி இதுவே. பிரெஞ்சு அறிஞர் மொந்தேன் 1580ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில், பிறேசில் மக்கள் கிழங்கிலிருந்து செய்யும் பானம் இரண்டு மூன்று நாட்களே இருக்கும் என்று குறிக்கிறார். (இதே கட்டுரையில் வேறொரு செய்தியும் உண்டு. 1562இல் றூவான் நகருக்குக் கொண்டுவரப்பட்ட பிறேசில் நாட்டவர், பிரான்சிற் சிலர் நிறையத் தின்று கொழுத்திருக்க வேறு சிலர் அவர் வாயிலிற் பிச்சை எடுப்பதைக் கண்டு வியந்து, இந்த ஏழைகள் செல்வரின் குரல்வளையைப் பிடிக்காதிருப்பதேன் என்று வினவினராம். 'காட்டுமிராண்டி' யார் என்பதை வாசகர் முடிவு செய்க.) இரண்டு மூன்று நாளிற் கெடும் பொருளைச் சேர்த்துவைத்துச் செல்வனாக முடியாது. விலை ஏறட்டும் என்று பூட்டிவைக்க முடியாது. கப்பலேற்ற முடியாது; வரியாக அறவிட்டுக் களஞ்சியத்தில் நிரப்பவும் முடியாது. செய்தவுடன் பலரை அழைத்துக் குடித்தே ஆகவேண்டும். மரவள்ளியும் அத்தன்மையதே. மண்ணுக்குள் ஓராண்டுக்கு மேலும் கிடக்கும். பிடுங்கினாற் சில நாளில் அழுகும். நெற்குவியலைக் கண்டு ஆறிலொன்று கேட்ட அரசுகள், மண்ணுக்குள் மறைந்து கிடக்கும் கிழங்கை எவ்வாறு அளப்பது? இத்தகைய கிழங்குப் பயிர்கள் அரசின் பிடிக்குத் தப்பியவை என்று அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் ஸ்கொட் 2009இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டினார்.

1549ஆம் ஆண்டில் பிறேசிலின் முதலாவது போத்துக்கேய மகாதேசாதிபதியுடன் இயேசு சபைக் குருமாரும் பயியா நகருக்கு வந்திறங்கினர். அவர்தம் தலைவர் மனுவேல் டா நோப்றெகா. 1553இல் வந்த ஜோசே டி அஞ்சியேட்டா துப்பி மொழியை நன்கு கற்று அதற்கு இலக்கணம் எழுதியவர். குருமார் களைய விரும்பியவை பலதாரமணம், பழிவாங்கும் போர், நரமாமிசம், மது ஆகியன. இவற்றுள் மதுவே ஏனையவற்றின் வேர் என்று அவர்கள் கண்டனர். அக்கணிப்பிற் பிழையில்லை: கவுயிம் இன்றேல் கூட்டமில்லை, கூட்டமின்றேல் போருமில்லை, பழைய சமயமுமில்லை.

அஞ்சியேட்டா நாடகாசிரியருமாவார். புனித லோறன்ஸ் பற்றிய அவரது நாடகம் துப்பி, ஸ்பானியம், போத்துக்கேயம் ஆகிய மொழிகள் கலந்தது. அதில் மேடையேறிக் கவுயிம் குடித்தலின் பெருமையைப் பேசுபவன் பிசாசுகளின் தலைவன். அவன் பெயர் குவாயிஷறா. அவன் துணைவன் பெயர் அயிம்பிறே. இவை கற்பனைப் பெயர்களல்ல. 1550களிலும் 1560களிலும் போத்துக்கேயருக்கெதிராகக் கரையோரக் குடிகளை ஒன்றுதிரட்டிப் போராடிய தாமோயோ கூட்டணியின் தலைவர்களது பெயர்கள் அவை. தோற்கடிக்கப்பட்ட விடுதலைப் போராளிகளை, அவர்களது பிள்ளைகள் கண்முன்னே, அவர்களது தாய்மொழியிலேயே, கையில் மதுக்குடுவையுடைய பிசாசுகளாக ஆட்டிக்காட்டினர். நாடகத்தின் இறுதியிற் பன்னிரு சிறுவர் நடனமாடுவர். கலை மக்களுக்காகவா என்று நாம் விவாதிப்பதுண்டு. கலை மக்களுக்கெதிராகவும் எத்துணைத் திறமையாக இயங்கும் என்பதற்கு இந்நாடகம் சான்றாகும். கற்பிக்கும் தொழிலிலுள்ள நமக்கு இது சற்றுக் கூடுதலாகவே உறைக்கவேண்டும். பாட்டன்மாரை வெறுக்கப் பேரப்பிள்ளைகளுக்குக் கற்பித்தது பள்ளிக்கூடந்தான்.

சரி, மதுவை ஒழிக்க வந்த குடியேற்றவாதம் மதுவை ஒழித்ததா? அங்கேதான் கதையின் மறுபக்கம் தொடங்குகிறது. அதே கரையில், அதே நூற்றாண்டில், கரும்புத் தோட்டங்கள் எழுந்தன. கருப்பஞ்சாற்றின் நுரையையும் கழிவுப் பாணியையும் புளிக்கவைத்து வடித்த சாராயமே கஷாசா. அது பெண்ணின் வாயிற் படவில்லை, செப்புப் பாத்திரத்தில் வடிந்தது, ஆகவே 'சுத்தமானது'. அது கெடுவதில்லை. ஆண்டுக்கணக்கிற் பீப்பாயிற் கிடக்கும். சமுத்திரத்தைக் கடக்கும். அளந்து விற்கலாம், வரி விதிக்கலாம், கடன் கொடுக்கலாம். போத்துக்கேய முடி அதனைத் தடை செய்ததும் உண்டு. மக்கள் குடிகாரராவர் என்ற கவலையைக் காட்டிலும், போத்துக்கல்லின் திராட்சை மதுவுக்கு விற்பனை குன்றும் என்ற கவலையே அதற்குப் பெருங்காரணமாயிற்று. 1660இல் றியோ டி ஜெனீரோவிற் சாராய உற்பத்தியாளர் வரியை எதிர்த்துக் கிளர்ந்தனர். அங்கோலாவின் லுவாண்டாத் துறைமுகத்துக்கு இச்சாராயத்தை ஏற்றுவதை 1679இற் தடுத்தனர், 1695இல் அனுமதித்தனர். அங்கே அதற்கு ஜெறிபிட்டா என்று பெயர். அதைக் கொடுத்து வாங்கியவை யானைத்தந்தம் முதலியன மட்டுமல்ல. மனிதரை வாங்கினர். பீப்பாய்க் கணக்கிற் கொடுத்து மனிதரைக் கப்பலேற்றினர்.

அக்கப்பல்களில் அடிமைகளுக்குக் கொடுத்த உணவு யாதெனில், மரவள்ளி மா! வறுத்த மரவள்ளி மா நெடுநாள் கெடாதது. போருக்குச் செல்லும் படைக்கும் அதுவே கட்டுச்சோறு. ஆகையால் அதற்குப் போர் மா என்று பெயரிட்டிருந்தனர். கிழங்கின் கெடாத பகுதியைக் குடியேற்றவாதம் தனதாக்கிக்கொண்டது. கெடும் பகுதியை, அதாவது கூட்டத்தையும் களிப்பையும் வேண்டி நின்ற மதுவைப் பாவமென்றது. பதினாறாம் நூற்றாண்டிலேயே போத்துக்கேயர் மரவள்ளியை ஆபிரிக்காவுக்குக் கொண்டுசென்றனர். இன்று உலகில் மிகுதியாக மரவள்ளி விளைப்பது நைஜீரியா. ஆண்டுக்கு ஐந்து கோடித் தொன்னுக்கு மேல். இந்தியப் பெருங்கடலிற் பிரெஞ்சுக்காரரின் மொறீசியசுத் தீவிலும் கரும்புத் தோட்ட அடிமைகளின் உணவாகவே அது பரவியது. அங்கிருந்துதான் நம் நாட்டுக்கு வந்தது. நம் சட்டியிற் கொதிக்கும் கிழங்கின் பின்னே நீண்டதோர் அடிமைச் சங்கிலி கிடக்கிறது.

கெடும் பானம், கெடாப் பானம் என்னும் இவ்வேறுபாடு இலங்கையர்க்குப் புதியதன்று. காலையில் இறக்கிய பனங்கள்ளு மாலையிற் புளித்து மறுநாட் காடியாகும். அதை இறக்கியவர்களைத் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கிய சமுதாயமே அதனைக் குடித்தது. சாராயமோ சேமிக்கத்தக்கது. ஒல்லாந்தரும் பின்னர் ஆங்கிலேயரும் சாராய விற்பனை உரிமையைக் குத்தகைக்கு விட்டுப் பெரும் வருவாய் ஈட்டினர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் முதலாளி வர்க்கத்தின் மூலதனத்திற் பெரும்பங்கு இச்சாராயக் குத்தகையிலிருந்து திரண்டது என்பதைக் குமாரி ஜயவர்த்தன 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விளக்கியுள்ளார்.

பிறேசிலில் இயேசு சபையாரின் செல்வாக்குச் சரிந்த பின்னரும் பூர்வீகக் குடிகட்கு விடிவு வரவில்லை. 1757ஆம் ஆண்டிற் பிறப்பிக்கப்பட்ட ஆணைத்தொகுதியொன்று, துப்பியிலிருந்து வளர்ந்த பொதுமொழியைப் பள்ளிகளில் விலக்கிப் போத்துக்கேயத்தைக் கட்டாயமாக்கியது. குடிப்பழக்கத்தையும் அது கண்டித்தது. மொழியும் மதுவும் ஒரே ஆணையில் இடம்பெற்றமை தற்செயலன்று என்றே நாம் கருதுகிறோம். கரையோரத்திற் கவுயிம் மெல்ல மறைந்தது. கஷாசா எங்கும் பரவியது. பின்னர் அக்குடிகளைச் சாராயத்துக்கு அடிமைப்பட்ட சோம்பேறிகள் என்று பழித்தவர்கள், அச்சாராயத்தை விற்றவர்களின் பேரப்பிள்ளைகளே.

காட்டின் உட்பகுதியில் மரவள்ளி மது மறையவில்லை. பெருவிலே மசாத்தோ, கயானாவிலும் வடபிறேசிலிலும் கசிறி, எக்குவடோரிலே சிச்சா எனப் பல பெயர்களுடன் அது வாழ்கிறது. அங்கு அது பெரும்பாலும் போதைக்கன்றி உணவாகவே குடிக்கப்படுகிறது. விடியற்காலையில் நீரிற் கரைத்த ஒரு கிண்ணத்தைக் குடித்துவிட்டு வேட்டைக்குச் செல்பவன் நண்பகல்வரை பசியறியான். நம் உழவர் பழஞ்சோற்று நீராகாரத்தை எண்ணிப்பார்க்க. எக்குவடோர், பெரு எல்லையில் வாழும் அச்சுவார் மக்களிடை மரவள்ளித் தோட்டம் முற்றிலும் பெண்களுக்குரியது. தோட்டத் தெய்வமாகிய நுங்குயியை நோக்கி அவர்கள் மனத்துள் பாடும் பாடல்களைத் தாய் மகளுக்கு இரகசியமாகக் கையளிப்பாள்.

இன்று சில ஊர்களில் மெல்லும் வழக்கங் குறைந்து, துருவிய வற்றாளங் கிழங்கைச் சேர்த்து நொதிக்கவிடுகின்றனர். வெளியார் முன் நாணம் ஏற்பட்டமை அதற்கொரு காரணம். கயானாவின் வப்பிசானா மக்கள் செய்யும் பறக்காறி என்னும் மதுவிலோ உமிழ்நீர் தொடக்கத்திலிருந்தே இல்லை. மரவள்ளி அப்பத்தை நனைத்து இலைப் படுக்கையில் வைத்துப் பூஞ்சணம் படரவிட்டு, அதன் மூலம் மாப்பொருளை வெல்லமாக்குகின்றனர். யப்பானியர் புகழ்பெற்ற அதே முறை. இதனை 2004, 2005ஆம் ஆண்டுகளில் ஆய்ந்து எழுதியபோதுதான், அமெரிக்கக் கண்டத்திலும் இத்தகைய முறை உண்டென்பதை விஞ்ஞான உலகம் அறிந்தது. வப்பிசானாப் பெண்கள் முன்னமே அறிந்திருந்தனர்.

முதலாளித்துவமும் சும்மா இருக்கவில்லை. 2011ஆம் ஆண்டில் மொசாம்பிக் நாட்டில் ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் கிளை, பெரும்பகுதி மரவள்ளியிலிருந்து செய்த இம்பாலா என்னும் பியரைப் போத்தலில் அடைத்து விற்பனைக்கு விட்டது. அரசாங்கம் அதற்கு வரிச்சலுகையும் அளித்தது. 2018இல் பிறேசிலின் பெர்ணாம்புக்கோ மாநிலத்திலும் மரவள்ளி பியர் வெளிவந்தது. கெடாதவாறு வடிகட்டி, சூடேற்றி, மூடியிட்டு, விலை குறித்தாகிவிட்டது. உழவனுக்குக் கிழங்கின் விலை கிடைத்தல் நன்றே. அதனை நாம் எதிர்க்கவில்லை. ஆயினும் நானூற்றைம்பது ஆண்டுகளாக அருவருக்கத்தக்கது என்று கூறப்பட்ட மரவள்ளி மது, விற்கலாம் என்றானதும் அருவருப்பு நீங்கப்பெற்ற விந்தையை என்னென்பது!

எக்குவடோரின் பொபொனாசா ஆற்றங்கரையில் சறயாக்கு என்றொரு கிச்சுவா மொழிச் சிற்றூர்த் தொகுதி உண்டு. 1996இல் அரசாங்கம் அம்மக்களைக் கேளாமலே அவர்களது நிலத்தில் எண்ணெய் தேடும் உரிமையை ஆர்ஜன்ரீன நிறுவனமொன்றுக்கு வழங்கியது. 2002, 2003ஆம் ஆண்டுகளில் அந்நிறுவனம் ஏறக்குறைய 1400 கிலோ வெடிமருந்தை அக்காட்டுக்குள் புதைத்தது. மக்கள் ஊரைவிட்டு எல்லையிற் கூடாரமடித்துக் காவல் நின்றனர். பெண்களும் காவலிருந்தமையால் மாதக்கணக்காகத் தோட்டங்கள் கவனிப்பாரற்றுக் கிடந்தன; பள்ளிக்கூடம் மூடப்பட்டது; காடு தந்ததை உண்டனர். வழக்கு அமெரிக்க நாடுகளிடையேயான மனித உரிமை நீதிமன்றத்துக்குச் சென்றது. 2012ஆம் ஆண்டு ஏப்ரிலில் நீதிபதிகள் நேரிலே அவ்வூருக்குச் சென்றனர். அந்நீதிமன்றத்தின் வரலாற்றில் வழக்குக்குரிய இடத்துக்கே அதன் குழு சென்றது அதுவே முதன்முறை. ஜூன் 27ஆந் திகதி மக்களுக்குச் சார்பாகத் தீர்ப்பு வழங்கப்பட்டது. புதைத்த வெடிமருந்தை அகற்றுமாறும் அரசாங்கத்துக்கு அத்தீர்ப்புக் கட்டளையிட்டது.

சறயாக்குவில் வந்தவர்க்கு முதலில் நீட்டுவது மரவள்ளிச் சிச்சா. அதனை ஊற்றும் மெல்லிய மட்கிண்ணத்துக்கு முக்காவா என்று பெயர். கிண்ணத்தை வனைபவள் பெண். தன் தலைமயிரிற் சிலவற்றைக் கட்டிய தூரிகையாற் பாம்பின் தோலையும் ஆமையின் ஓட்டையும் அதன்மீது வரைபவளும் அவளே. கிழங்கு நட்டவளும், மென்றவளும், இப்போது கிண்ணத்தை நிறைத்து இரு கையாலும் நீட்டிக்கொண்டு நிற்பவளும் அவளே.